யாரிடம் கேட்கிறது உங்கள் கணினி?

வீட்டில் யாராவது “நெட் வரலை” என்று சொன்னால் நான் முதலில் கேட்பது ஒன்றுதான். எதுவுமே வரவில்லையா, சிலது மட்டும் வரவில்லையா? எதுவுமே வரவில்லை என்றால் கேபிள், வைஃபை, இணைப்புத் தரும் நிறுவனம் என்று தேட வேண்டிய இடங்கள் பல. ஆனால் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் வீடியோ அழைப்பு அறுபடாமல் போகிறது, புதிதாக ஒரு தளம் மட்டும் திறக்க மறுக்கிறது என்றால் என் சந்தேகம் நேராக டிஎன்எஸ் மேல், அதாவது தளத்தின் பெயரைக் கொடுத்தால் அதன் எண் முகவரியைச் சொல்லும் அமைப்பின் மேல் விழும். ஓடும் அழைப்புக்கு மறுமுனையின் ஐபி முகவரி, அதாவது அந்த எண், முன்பே தெரியும். புதிய தளத்துக்குத்தான் அதை யாரிடமாவது கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

இதை உறுதி செய்துகொள்ள அதிக நேரம் ஆகாது. 1.1.1.1 என்ற எண்ணுக்குப் பிங் (மறுமுனை பதில் தருகிறதா என்று பார்க்கும் கட்டளை) போகிறது, ஒரு தளத்தின் பெயருக்குப் போகவில்லை என்றால் கம்பியில் குறையில்லை. பெயரை எண்ணாக மாற்றித் தரும் இடத்தில்தான் ஏதோ சிக்கல்.

இந்த இடத்தில் எல்லோரும் சொல்லும் ஆலோசனை இரண்டு. ரவுட்டரை அணைத்துப் போடு. இல்லாவிட்டால் டிஎன்எஸ்ஸில் 8.8.8.8 என்று போடு. இரண்டையுமே நான் கடைசிக்குத் தள்ளிவைக்கச் சொல்வேன். ரவுட்டரை அணைத்தால் கேஷில் (தற்காலிக நினைவில்) இருந்த பதில்கள், லாகில் (நிகழ்வுப் பதிவில்) இருந்த வரிகள் எல்லாம் போய்விடும். சிக்கல் தற்காலிகமாக மறையும், ஆனால் எதனால் வந்தது என்பது தெரியவே தெரியாது. அடுத்த வாரம் அதே இடத்தில் வந்து நிற்கும். 8.8.8.8 என்பது 2009 முதல் கூகுள் நடத்தும் நல்ல சேவை. ஆனால் உங்கள் வீட்டுப் பிரிண்டரின் பெயர் அதற்கு எப்படித் தெரியும்? வீட்டுக்குள் சொந்தமாக ஒரு நேம் சர்வர் (டிஎன்எஸ் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் சர்வர்) வைத்திருப்பவர்களுக்கு அந்த எண்ணே பாதிச் சிக்கலின் ஊற்றாகிவிடுகிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

எதையும் மாற்றுவதற்கு முன் ஒரே ஒரு கேள்விக்கு விடை தேட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து: இந்தக் கணினி இப்போது யாரிடம் கேட்கிறது? சர்வரின் கான்ஃபிக் கோப்பை வரிவரியாகத் திருத்திக்கொண்டே இருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தக் கணினியின் கேள்வி அந்தச் சர்வருக்குப் போய்ச் சேரவே இல்லை என்பது அவர்களுக்குத் தெரியாது.

கேள்வி போகும் பாதை நாம் நினைப்பதைவிட நீளமானது. பிரவுசர் முதலில் தன் சொந்தக் கேஷைப் பார்க்கும். அடுத்து இயங்குதளம் ஹோஸ்ட்ஸ் கோப்பைப் பார்க்கும். இந்தக் கோப்புக்கு ஒரு வரலாறு உண்டு. இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெட் காலத்தில் எல்லாக் கணினிகளின் பெயரும் எண்ணும் ஒரே கோப்பில்தான் இருந்தன. எலிசபெத் ஃபைன்லர் தலைமையில் எஸ்ஆர்ஐ நிறுவனத்தில் இருந்த குழு அதைப் பராமரித்தது. மற்றவர்கள் பிரதி எடுத்துக்கொண்டார்கள். கணினிகள் பெருகப் பெருக அந்த முறை தாங்கவில்லை. 1983-இல் பால் மொக்கபெட்ரிஸ் டிஎன்எஸ்ஸை வடிவமைத்தார். இன்றும் அடித்தளமாக இருக்கும் விதிமுறை ஆவணங்களான ஆர்எஃப்சி 1034, 1035 இரண்டும் 1987-இல் வந்தன. ஆனால் பழைய கோப்பின் வாரிசு இன்னும் ஒவ்வொரு கணினியிலும் இருக்கிறது. பெரும்பாலும் டிஎன்எஸ்ஸுக்கு முன்னால் அதன் பேச்சுதான் எடுபடும். எப்போதோ சோதனைக்காக அதில் எழுதிய ஒரு வரி, சர்வரின் முகவரி மாறிய பிறகும் பழைய எண்ணையே சொல்லிக்கொண்டிருக்கும்.

ஹோஸ்ட்ஸில் இல்லையென்றால் கேள்வி இயங்குதளத்தில் பெயருக்கு எண் தேடித் தரும் ரிசால்வருக்குப் போகும். அங்கிருந்து ரவுட்டருக்கோ வீட்டுச் சர்வருக்கோ. அங்கிருந்து இணைப்பு நிறுவனத்தின் சர்வருக்கோ பொதுச் சர்வருக்கோ. அதுதான் எல்லாவற்றுக்கும் உச்சியில் உள்ள ரூட் சர்வரில் தொடங்கி, டாட் காம் போன்ற மேல்நிலை டொமைனிடம் கேட்டு, கடைசியில் அந்தத் தளத்துக்குப் பொறுப்பான சர்வரிடம் பதில் வாங்கி வரும். வழியில் ஏறக்குறைய ஒவ்வொருவரும் ஒரு கேஷ் வைத்திருக்கிறார்கள். தவறான பதில் இவர்களில் யாரிடமிருந்தும் வந்திருக்கலாம்.

கருவிகளைப் பற்றி ஒரு எச்சரிக்கை. டிக், என்எஸ்லுக்அப் என்ற கட்டளைகள் இரண்டும் ஹோஸ்ட்ஸ் கோப்பைப் பார்க்காமல் நேராக நேம் சர்வரிடம் போய்க் கேட்கும். பிரவுசரும் பிங்கும் இயங்குதளத்தின் வழியாகப் போகும். ஆகவே “டிக்கில் சரியாக வருகிறது, பிரவுசரில் வரவில்லை” என்பது குழப்பமே இல்லை, அருமையான துப்பு. சர்வர் ஒழுங்காக இருக்கிறது, கோளாறு இந்தக் கணினிக்குள்தான் என்று அது சொல்கிறது. லினக்ஸில் கெட்என்ட் ஹோஸ்ட்ஸ் என்ற கட்டளை மற்ற நிரல்கள் போகும் பாதையிலேயே போகும். டிக்கையும் அதையும் அடுத்தடுத்து ஓட்டி ஒப்பிடுவது என் வழக்கம். பல லினக்ஸ் கணினிகளில் டிக்கின் பதிலில் 127.0.0.53 என்ற முகவரி தெரியும். அது உண்மையான சர்வர் இல்லை, கணினிக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும் சிஸ்டம்டி-ரிசால்வ்டு என்ற இடைத்தரகர். அது யாரிடம் கேட்கிறது என்பதை ரிசால்வ்சிடிஎல் ஸ்டேட்டஸ் சொல்லும். விண்டோஸில் ஐபிகான்ஃபிக்கை ‘ஆல்’ சேர்த்து ஓட்டினால் டிஎன்எஸ் சர்வர்களின் பட்டியல் வரும். மேக்கில் எஸ்சியூடில் கட்டளையோடு டிஎன்எஸ் என்று கொடுத்துப் பார்க்க வேண்டும்.

யாரிடம் கேட்கிறது என்று தெரிந்தபின், என்ன பதில் வருகிறது என்று பார்க்க வேண்டும். பலர் ‘வரவில்லை’ என்ற ஒரே சொல்லில் இதை அடக்கிவிடுகிறார்கள். வராததில் பல வகை இருக்கிறது, ஒவ்வொன்றும் வேறு வேறு இடத்தைக் காட்டுகிறது.

என்எக்ஸ்டொமைன் என்றால் “அப்படி ஒரு பெயரே இல்லை”. சர்வர் உயிரோடு இருக்கிறது, கேள்வி போய்ச் சேர்ந்தது, பதிலும் வந்தது. பெயரைத் தவறாக எழுதியிருக்கலாம், அல்லது அந்தப் பெயர் தெரியாதவரிடம் போய்க் கேட்டிருக்கலாம். செர்வ்ஃபெயில் என்றால் “தேடிப் பார்த்தேன், முடிக்க முடியவில்லை”. மேலே உள்ள சர்வர் கிடைக்காமல் போயிருக்கும், அல்லது பதில் போலி இல்லை என்று உறுதி செய்யும் டிஎன்எஸ்செக் கையெழுத்து சரிபார்ப்பில் தோற்றிருக்கும். ரெஃப்யூஸ்ட் என்றால் “உனக்குப் பதில் சொல்ல எனக்கு அனுமதி இல்லை”. அன்பவுண்ட் என்ற நேம் சர்வர் மென்பொருளை நிறுவி, வீட்டு நெட்வொர்க்கின் பக்கம் திறந்துவிட்டு, அனுமதிப் பட்டியலில் அந்த நெட்வொர்க்கைச் சேர்க்காமல் விட்டால் மற்ற கணினிகளுக்கு இதுதான் கிடைக்கும். பிழை எதுவும் இல்லை, பதில் மட்டும் காலி என்றால் பெயர் இருக்கிறது, கேட்ட வகைப் பதிவு அதற்கு இல்லை. பழைய வகையான ஐபிவி4 முகவரி மட்டும் உள்ள பெயருக்குப் புதிய வகையான ஐபிவி6 முகவரியைக் கேட்டால் இப்படி வருவது இயல்பு.

பதிலே வராத மௌனம் கடைசி வகை. பெரும்பாலும் ஃபயர்வால், அல்லது அந்த முகவரியில் சர்வரே இல்லை. ஃபயர்வாலில் டிஎன்எஸ்ஸின் 53 போர்ட்டை (கதவு எண்ணை) யூடிபி என்ற அனுப்பும் முறைக்கு மட்டும் திறந்து, டிசிபி என்ற இன்னொரு முறைக்குத் திறக்க மறந்துவிடுவதும் உண்டு. சின்னப் பதில்கள் யூடிபியிலேயே வந்துவிடும். பெரிய பதிலைச் சர்வர் வெட்டி அனுப்பி, “டிசிபியில் வந்து கேள்” என்று சொல்லும். அந்தக் கதவு அடைத்திருப்பதால் சில பெயர்கள் மட்டும் கிடைக்காது. ஒவ்வொரு தளமும் ஏறத்தாழ ஐந்து நொடி நின்று பிறகு திறக்கிறதா? லினக்ஸின் ஜிலிப்சி என்ற அடிப்படை நிரல்தொகுப்பு வழக்கமாக ஒரு சர்வரின் பதிலுக்கு 5 நொடி காத்திருந்துவிட்டுத்தான் அடுத்தவரிடம் போகும். பட்டியலில் முதலில் உள்ள சர்வர் செத்துக் கிடக்கிறது, இரண்டாவது காப்பாற்றிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

இந்த இரண்டாவது சர்வர் விஷயத்தைத்தான் நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

என் சித்தப்பா வீட்டில் ஒரு சின்னக் கணினிப் போர்டில் டிஎன்எஸ்மாஸ்க் என்ற நேம் சர்வர் மென்பொருள் ஓடுகிறது. கோப்புகள் வைக்கும் நாஸ், பிரிண்டர், கேமரா எல்லாவற்றுக்கும் அதுதான் பெயர் தருகிறது. “நாஸ் ஒருநாள் வருது, ஒருநாள் வரமாட்டேங்குது. போன்ல மட்டும் எப்பவுமே வர்றதில்ல” என்றார். ரவுட்டரில், சாதனங்களுக்கு ஐபி முகவரியையும் டிஎன்எஸ் சர்வரையும் சொல்லும் டிஹெச்சிபியின் பக்கத்தில் பிரைமரி டிஎன்எஸ், செகண்டரி டிஎன்எஸ் என்று இரண்டு பெட்டிகள். முதல் பெட்டியில் வீட்டுச் சர்வர், இரண்டாவதில் பாதுகாப்புக்காக 8.8.8.8. பார்க்க மிக நியாயமான ஏற்பாடு. சிக்கலும் அங்கேதான் இருந்தது.

செகண்டரி என்றதும் ஆபத்துக்கு உதவும் மாற்று ஏற்பாடு என்று மனம் எடுத்துக்கொள்கிறது. கணினி அப்படி எடுத்துக்கொள்வதில்லை. பட்டியலில் உள்ள எல்லோருக்கும் ஒரே பதில்தான் தெரியும் என்ற நம்பிக்கையில்தான் டிஎன்எஸ் கட்டப்பட்டிருக்கிறது. யாரை எப்போது கேட்பது என்பதை ஒவ்வொரு இயங்குதளமும் தன் விருப்பப்படி முடிவு செய்கிறது. சித்தப்பாவின் லேப்டாப்பில் இருந்தது சிஸ்டம்டி-ரிசால்வ்டு. ஒரு சர்வர் பதில் தராவிட்டால் அது அடுத்ததுக்குத் தாவும். தாவியபின் முதல் சர்வர் எழுந்துவிட்டதா என்று திரும்பிப் பார்க்காது, புதியவர் தவறும் வரை அவரிடமே இருந்துவிடும். வீட்டுப் போர்டு ஏதோ அப்டேட்டுக்காகக் கொஞ்ச நேரம் அணைந்து எழுந்தால் போதும், லேப்டாப் 8.8.8.8 பக்கம் போய் நின்றுவிடும். அங்கே போய் ‘நாஸ்.ஹோம்.ஆர்ப்பா’ எங்கே என்று கேட்டால் “அப்படி ஒரு பெயரே இல்லை” என்பதுதான் பதில். அது தோல்வி இல்லை, முறையான பதில். ஆகவே வேறு யாரையும் கேட்க வேண்டிய அவசியம் கணினிக்கு வருவதில்லை. வெளித் தளங்கள் எல்லாம் வழக்கம்போல் திறப்பதால் சர்வர் மாறியதே வெளியே தெரியாது.

அதோடு, ‘இல்லை’ என்ற பதிலும் கேஷில் தங்கும். 1998-இன் ஆர்எஃப்சி 2308 அதை ஒழுங்குபடுத்தியது. எவ்வளவு நேரம் தங்கலாம் என்பதை அந்த டொமைனின் அடிப்படை விவரங்கள் அடங்கிய எஸ்ஓஏ பதிவு சொல்லும். வீட்டுக்கென்று யாரோ மனம்போல் வைத்துக்கொண்ட மேல்நிலைப் பெயர் ரூட் சர்வர் வரை போனால், ரூட் சொல்லும் அளவு 86400 நொடி, அதாவது ஒரு முழு நாள். பல ரிசால்வர்கள் தாமாகவே இதைக் குறைத்துக்கொள்கின்றன. பைண்ட் என்ற நேம் சர்வர் மென்பொருள் வழக்கமாக 3 மணி நேரத்துக்கு மேல் வைத்துக்கொள்ளாது. கான்ஃபிக்கைச் சரிசெய்த பிறகும் “இன்னும் வரலையே” என்று மனம் சோர்ந்து, சரியாக இருப்பதையும் மாற்றிக் கெடுப்பது இந்த இடைவெளியில்தான். திருத்தியவுடன் கேஷைக் காலி செய்யுங்கள். லினக்ஸில் ரிசால்வ்சிடிஎல் ஃபிளஷ்-கேஷஸ், விண்டோஸில் ஐபிகான்ஃபிக் ஃபிளஷ்டிஎன்எஸ். பிரவுசரை மூடித் திறப்பதும் நல்லது.

பெயர் தேர்வு பற்றியும் சொல்லிவிடுகிறேன். டாட் லோக்கல் என்று முடியும் பெயர்களை உங்கள் நேம் சர்வரில் வைக்காதீர்கள். 2013-இல் வந்த ஆர்எஃப்சி 6762 அதை மல்டிகாஸ்ட் டிஎன்எஸ்ஸுக்கு ஒதுக்கிவிட்டது. டாட் லோக்கல் என்று பார்த்ததும் பல சாதனங்கள் உங்கள் சர்வரைத் தேடாமல் 224.0.0.251 என்ற முகவரியில், 5353 போர்ட்டில், நெட்வொர்க்கில் உள்ள எல்லோரையும் பார்த்துக் குரல் கொடுக்கும். வீட்டுக்கென்றே 2018-இல் ஆர்எஃப்சி 8375 ஒதுக்கியது ஹோம்.ஆர்ப்பா. அழகான பெயர் என்று சொல்ல மாட்டேன், ஆனால் யாரோடும் மோதாது. 2024-இல் இணையப் பெயர்களை நிர்வகிக்கும் ஐகேன் அமைப்பு டாட் இன்டர்னலையும் தனிப்பட்ட பயன்பாட்டுக்கு ஒதுக்கியிருக்கிறது.

சித்தப்பாவின் இரண்டாவது பெட்டியைக் காலி செய்ததும் லேப்டாப் சரியானது. போன் சரியாகவில்லை. அதற்குக் காரணம் வேறு.

நாம் மாற்றியது ஐபிவி4-இன் டிஹெச்சிபியை மட்டும். ரவுட்டர் ஐபிவி6-க்கு வேறொரு வழியில், ரவுட்டர் அட்வர்டைஸ்மென்ட் என்ற அறிவிப்பில், “டிஎன்எஸ் வேண்டுமா, என்னையே கேள்” என்று தன் ஐபிவி6 முகவரியை எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்தது. ஆண்ட்ராய்டு போன் அந்த அறிவிப்பை ஏற்று ரவுட்டரிடம் கேட்டது. ரவுட்டர் இணைப்பு நிறுவனத்தின் சர்வரிடம் கேட்டது. வீட்டுச் சர்வர் இந்த வழியில் எங்குமே இல்லை. ஐபிவி4 பக்கத்தை எத்தனை முறை திருத்தினாலும் இது தீராது. ஐபிவி6 அறிவிப்பில் வீட்டுச் சர்வரின் முகவரியைக் கொடுக்க வேண்டும், அல்லது டிஎன்எஸ் அறிவிப்பை மட்டும் நிறுத்த வேண்டும். கொடுப்பதானால் இணைப்பு நிறுவனம் மாற்றிக்கொண்டே இருக்கும் முகவரி உதவாது. வீட்டுக்குள் மட்டும் செல்லும், எஃப்டி என்று தொடங்கும் நிலையான முகவரி வேண்டும். சில ரவுட்டர்களில் இந்த அமைப்பை மாற்றவே இடமில்லை. தன் வீட்டில் எது யாரிடம் கேட்க வேண்டும் என்பதை வீட்டுக்காரர் தீர்மானிக்க விடாத பெட்டியை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். அப்படிப்பட்ட ரவுட்டரே வாய்த்துவிட்டால், அதன் டிஹெச்சிபியையும் ஐபிவி6 அறிவிப்பையும் அணைக்க முடிகிறதா என்று பார்த்து, அந்த இரண்டு வேலையையும் டிஎன்எஸ்மாஸ்க்கிடமே கொடுத்துவிடலாம்.

போனில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். ஆண்ட்ராய்டு 9 முதல் பிரைவேட் டிஎன்எஸ் என்ற அமைப்பு இருக்கிறது. அதில் குறிப்பிட்ட ஒரு சேவையின் பெயரை எழுதிவைத்தால், போன் 853 போர்ட் வழியாக மறையாக்கிய கேள்விகளை அந்தச் சேவைக்கே அனுப்பும். நெட்வொர்க் சொல்லும் சர்வரைக் கேட்காது. பிரவுசர்களும் இதைச் செய்கின்றன. டிஎன்எஸ் ஓவர் ஹெச்டிடிபிஎஸ் என்றால் கேள்வி 443 போர்ட்டில், சாதாரண வலைப் போக்குவரத்தோடு கலந்து போய்விடும். ஃபயர்ஃபாக்ஸ் தானாக இதை இயக்கும் இடங்களில், தனக்கென்று குறித்துவைத்திருக்கும் ஒரு சோதனைப் பெயரை முதலில் நெட்வொர்க்கின் சர்வரிடம் கேட்டுப் பார்க்கும். ‘இல்லை’ என்று வந்தால் விலகிக்கொள்ளும். ஆனால் பயனரே கையால் இயக்கியிருந்தால் அந்த மரியாதை கிடையாது. நான் மறையாக்கத்துக்கு எதிரி இல்லை. நாம் எந்தெந்தத் தளத்தைத் தேடுகிறோம் என்பதை வழியில் இருப்பவர்கள் படிக்கக் கூடாது என்பதில் எனக்கு முழு உடன்பாடு. அதை ஒவ்வொரு சாதனமும் தனித்தனியாகச் செய்வதைவிட, வீட்டுக்குள் எல்லோரும் வீட்டுச் சர்வரிடம் கேட்டு, அது வெளியே மறையாக்கிக் கேட்பது நல்லது. அப்போது வீட்டுப் பெயர்களும் கிடைக்கும், ரகசியமும் காக்கப்படும்.

மின்சாரம் போய் வந்தபின் எல்லாப் பெயர்களுக்கும் செர்வ்ஃபெயில் வந்தால் முதலில் கடிகாரத்தைப் பாருங்கள். ராஸ்பெரி பை 4 வரையிலான போர்டுகளில் மின்சாரம் இல்லாதபோதும் ஓடும் கடிகாரம் கிடையாது. எழும்போது பழைய நேரத்தோடு எழும். டிஎன்எஸ்செக் கையெழுத்துகளுக்குத் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. கடிகாரம் பின்தங்கியிருந்தால், நேற்று போட்ட கையெழுத்தும் இன்னும் செல்லுபடியாகத் தொடங்கவில்லை என்று ரிசால்வர் தள்ளிவிடும். நேரத்தைத் திருத்த, சரியான நேரம் சொல்லும் என்டிபி சர்வரிடம் போக வேண்டும். என்டிபி சர்வரோ பெயரால் குறிக்கப்பட்டிருக்கிறது, அந்தப் பெயரை எண்ணாக்க டிஎன்எஸ் வேண்டும், டிஎன்எஸ்ஸுக்குச் சரியான நேரம் வேண்டும். ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு இரண்டும் நிற்கும். டிக்கில் ‘சிடி’ கொடியைச் சேர்த்து, கையெழுத்தைச் சரிபார்க்காமல் கேட்டுப் பாருங்கள். அப்போது மட்டும் பதில் வந்தால் நோய் இதுதான் என்று ஏறக்குறைய முடிவு செய்யலாம். ரவுட்டரே நேரம் சொல்லக்கூடியதாக இருந்தால் அதன் ஐபி எண்ணையே என்டிபி சர்வராகக் கொடுத்துவிட்டால் முடிச்சு அவிழும்.

வட்டமும் ஒரு வழக்கமான நோய். வீட்டுச் சர்வர் தனக்குத் தெரியாததை ரவுட்டரிடம் கேட்கும். ரவுட்டரோ தனக்கு வருவதையெல்லாம் வீட்டுச் சர்வருக்கு அனுப்பும்படி அமைந்திருக்கும். ஒரே கேள்வி இருவருக்கும் இடையில் சுற்றிச் சுற்றி வரும். டிஎன்எஸ்மாஸ்க்கின் லாகில், ஒரே நேரத்தில் வரக்கூடிய கேள்விகள் உச்சவரம்பான 150-ஐத் தொட்டுவிட்டன என்ற வரி வந்தால் நான் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான். இருவரில் ஒருவர் கட்டாயம் வெளியே பார்க்க வேண்டும். ரவுட்டரின் வான் (வெளி இணைய) பக்கத்து டிஎன்எஸ்ஸில் வீட்டுச் சர்வரைப் போடாமல், லான் (வீட்டு நெட்வொர்க்) பக்கத்து டிஹெச்சிபியில் மட்டும் போட்டால் இது வராது.

எல்லாம் சரியாக அமைத்தும் கேள்வி வேறு எங்கோ போவதுபோலத் தோன்றினால், நடுவில் யாராவது 53 போர்ட்டை மறித்துத் தாமே பதில் சொல்கிறார்களா என்று சோதிக்க ஒரு வழி இருக்கிறது. 192.0.2.1 என்ற முகவரி ஆவணங்களில் எடுத்துக்காட்டாகப் பயன்படுத்துவதற்கென்றே ஒதுக்கப்பட்டது. அங்கே எந்தச் சர்வரும் இல்லை. டிக்கை அந்த முகவரியிடம் கேட்கச் சொல்லுங்கள். மௌனம் வந்தால் நல்லது. பதில் வந்தால், ரவுட்டரோ அதற்கு மேலே இருப்பவரோ கேள்வியை வழிமறிக்கிறார்.

வேலை முடிந்தது என்று நான் நம்புவதற்கு முன் ஒன்று செய்வேன். டிஎன்எஸ்மாஸ்க்கில், வரும் கேள்விகளை லாகில் எழுதும் லாக்-குவெரீஸைப் போட்டுவிட்டு, எல்லாச் சாதனங்களின் வைஃபையையும் ஒருமுறை துண்டித்து இணைப்பேன். இல்லாவிட்டால் பழைய லீஸில் (டிஹெச்சிபி குறிப்பிட்ட காலத்துக்குத் தந்த ஒதுக்கீட்டில்) வாங்கிய டிஎன்எஸ் முகவரியோடே அவை ஓடிக்கொண்டிருக்கும். பிறகு ஒவ்வொன்றிலும் ஒரு புதிய பெயரைத் தேடி, லாகில் அதன் முகவரியிலிருந்து வரி விழுகிறதா என்று பார்ப்பேன். கடைசியாக வீட்டுச் சர்வரை வேண்டுமென்றே நிறுத்திவிட்டு, அதுவரை தேடாத ஒரு தளத்தை எல்லாச் சாதனங்களிலும் திறந்து பார்ப்பேன். எல்லாமே திணற வேண்டும். எதிலாவது தளம் திறந்துவிட்டால் அது இன்னும் வேறு யாரிடமோ கேட்டுக்கொண்டிருக்கிறது. சித்தப்பா வீட்டில் அப்படித் திறந்தது டிவி, 8.8.8.8 அதற்குள்ளேயே எழுதப்பட்டிருந்தது. அதன் 53 போர்ட் கேள்விகளை மட்டும் ரவுட்டரில் வீட்டுச் சர்வர் பக்கம் திருப்பிவிட்டோம். காலியாகிக் கிடந்த செகண்டரி பெட்டிக்கு, அதே கான்ஃபிக்கோடு இன்னொரு போர்டைச் சித்தப்பா தயார் செய்துகொண்டிருக்கிறார்.